அறுபது கையும் தட்டவில்லை

"ரெண்டு கையச் சேத்து ஒரு தட்டு. தட்டுனா கரண்டு பில்லா ஏறிரப் போகுது, அண்ணாச்சி?"

எலக்ட்ரிக் கடை பெத்துராஜ் வயரை அளந்தபடி கேட்டார். இளையரசனேந்தலிலிருந்து சுவிட்சும் வயரும் வாங்க வந்தவருக்குப் பதில் சொல்ல இடம் விட்டால்தானே.

வியாழக்கிழமை தவறாமல் காலை ஏழு மணிக்கு ஓட்டல் மாடியில் வியாபாரிகள் முப்பது பேர் கூடுகிறார்கள். ஒருவர் கடைக்கு இன்னொருவர் ஆள் அனுப்பி வியாபாரம் பிடித்துத் தரவேண்டும் என்பது ஏற்பாடு. ஆளுக்கு முக்கால் நிமிடப் பேச்சு, முடிந்ததும் கைதட்டு. அந்தக் கைதட்டின் லட்சணத்தை பெத்துராஜ் வாயால்தான் கேட்கவேண்டும். பிந்தி வந்தவனுக்கு ஒரு தட்டாம், ஏன் பிந்தினேன் என்று அவன் சொன்னதற்கு இன்னொன்றாம். மைக் வேலை செய்யாவிட்டாலும் தட்டு, செய்துவிட்டாலும் தட்டு. அடுத்த தெரு டைல்ஸ் கடை விஜயராஜ் வணக்கம் சொன்னதற்கே மூன்று பேர் எழுந்து நின்றார்களாம்.

"எனக்குத் தட்டணும்னா மட்டும் எல்லாவனுக்கும் கையில சுளுக்கு, பாத்துக்கிடுங்க."

இந்த வாரம் சம்சாரம் இசக்கியம்மாளைப் பட்டுச்சேலையில் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார். வருஷாவருஷம் சந்தா கொட்டுகிறீர்களே, அங்கே உங்களுக்கு என்ன மரியாதை என்று நச்சரித்தவள், கண்ணால் பார்க்கட்டுமே. இவர் பேசி முடித்தார். ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

"ஆட்டோவுல வரும்போது கேக்கா, ஏங்க, உங்கள அங்கன யாருக்கும் பிடிக்காதோன்னு. அடுத்த வியாழக்கிழமையும் வருவேங்கா."

ஏன் தட்டவில்லை என்று வந்தவர் முகம் கேட்டிருக்க வேண்டும். பெத்துராஜின் குரல் கொஞ்சம் இறங்கியது. அது வந்து... ஆள் அனுப்பியவர் பேச்சுக்கு மட்டும்தான் இனிமேல் தட்டு என்று போன மாதம் ஒரு விதி போட்டார்கள். யார் போட்டதா?

"நாந்தான் எந்திச்சுச் சொன்னேன். கைதட்டு என்ன, ரேசன் அரிசியா, வந்தவனுக்கெல்லாம் அளக்கதுக்கு?"

அன்றைக்கு அதற்குப் பலத்த கைதட்டு. ஆனால் இவர் இதுவரை யார் கடைக்கும் ஒரு ஆளைக்கூட அனுப்பியதில்லை. வயர்ச்சுருளைத் தோளில் சுமந்து ஊர்ஊராக விற்றுக் கடை போட்டவர். தன் படி ஏறியவரை இன்னொருவன் படிக்கு ஏற்றிவிட அவருக்கென்ன கிறுக்கா?

பெத்துராஜ் மூச்சு வாங்கிய ஒரு நொடியில், வீட்டுக்கு டைல்ஸ் எங்கே வாங்கலாம் என்று வந்தவர் மெல்லக் கேட்டார்.

பெத்துராஜ் வயரைக் கீழே போட்டார். அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"ஏலே விஜயராஜ், ஒரு வீட்டுக்கு முழு டைல்ஸ். ஆள அனுப்புதேன். ஆனா வியாழக்கிழம நீ எந்திச்சு நின்னு தட்டணும்."

உட்கார்ந்தே தட்டுகிறேன் என்றான் அவன். விடுவாரா? நின்று தட்டுவது சரி, கூட எத்தனை பேரை எழுப்புவாய் என்று கடைக்கு முதுகைக் காட்டித் தெருவோரம் நின்று பேரம் பேசினார். இருபதில் ஆரம்பித்து, பத்து நிமிடம் இழுத்து, எட்டுப் பேரில் வந்து நிற்கையில், கடைக்கு ஆள் வந்திருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றான் விஜயராஜ்.

பெத்துராஜ் திரும்பிப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது.

யார் அனுப்பினார்கள் என்று விஜயராஜ் யாரையோ விசாரிப்பது போனில் கேட்டது. பதிலும் கேட்டது.

"யாரும் அனுப்பலங்க. ஒரு கடையில பேச்சுத் தாங்கல, நானா வந்துட்டேன்."