கரை காலியாக இருந்த வெள்ளிக்கிழமை

உங்கள் ஸ்டேஷனில் கடல் காற்று நன்றாக வருகிறது ஐயா. நான் காவல் இருக்கும் கேபிள் வீட்டில் ஜன்னலே கிடையாது. என் பெயர் வேம்பு, திருவொற்றியூர் பக்கம் மீனவக் குப்பம்.

பினாங்கிலிருந்து கடலடியில் வரும் தந்திக் கம்பியை எந்தக் கரையில் ஏற்றுவது என்று போன வருஷம் ஒரு அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அளவுகோல் பிடித்தவன் நான். வலையும் நங்கூரக் கல்லும் பட்டால் கம்பி அறுந்துபோகுமாம். எர்ணாவூர்க் கரையில் ஓயாமல் வலை இழுத்தார்கள், அவருக்குப் பிடிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை உங்க கரையைப் பார்க்கிறேன். காலியா இருந்தா அதுதான். வாட்ச்மேன் வேலை உனக்கு" என்றார். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷமாகியும் குப்பத்துக்கு ரோடும் இல்லை, விளக்கும் இல்லை. கம்பி வந்தால் எல்லாம் வரும். நான் எனக்காக மட்டும் ஆசைப்படவில்லை.

எங்கள் கரை என்றைக்கையா காலியாக இருந்தது? குப்பத்தில் சாவு விழுந்தால் மட்டும்தான். பால் ஊற்றி முடிக்கும்வரை யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த முத்தம்மா கிழவியை நம்பியிருந்தேன். செவ்வாய்க்கிழமை அவள் எழுந்து உட்கார்ந்து, கருவாடு சுட்டுக் கஞ்சி கேட்டாள். நல்ல மனுஷி, அவளைக் குறை சொல்ல முடியாது.

கட்டுமரத்தை அவிழ்த்துக் காயவைத்து, மறுநாள் திரும்பக் கட்டுவோம். என் தங்கை குப்பம்மாவின் புருஷனுக்கு மரம் கட்டிக் கொடுப்பது நான்தான். வேறு யார் மரத்தில் கை வைத்தாலும் ஏன் என்று கேட்பார்கள். அதனால்தான் அவன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

புதன்கிழமை விடியலில் வந்தான். "இன்னா மச்சான், மூஞ்சி ஒரு மாதிரி கீது? கட்டு பலமா கீதா?" என்றான். கீது என்றேன். "நீ கட்டுனா நான் பினாங்கு வரைக்கும் போய்கினே இருப்பேன்" என்று சிரித்தபடி அலையில் தள்ளினான். கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் அலையைத் தாண்டிவிட்டான். துடுப்பு கண்ணுக்குத் தெரிந்தவரை அங்கேயே நின்றேன். தெய்வமே என்று நிற்பதைத் தவிர நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

வியாழக்கிழமை உடல் ஒதுங்கியது. வெள்ளிக்கிழமை கரையைத் துடைத்துவிட்டது போல் இருந்தது. இங்கே மீனே படாது சார் என்றேன். அதிகாரி எங்கள் கரையையே எழுதிக்கொண்டு போனார்.

ரோடு கேபிள் வீடு வரைக்கும்தான் வந்தது. விளக்கும் அதற்கு மட்டும்தான். கரையில் கல் நட்டு, வலை போடக் கூடாது, மரம் தள்ளக் கூடாது என்றார்கள். என் சனங்களை நானே விரட்டினேன், வேலை அது. குப்பம்மா மட்டும் போகமாட்டாள். மரத்தோடு ஒதுங்கிய கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, நல்லாத்தானே கட்டுனே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நல்லாத்தான் கட்டுனேம்மா என்பேன். நேற்று அதை உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

கத்தி வைத்தது நான்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் எழுதும்போது சரியாக எழுதுங்கள். நான் பாதிதான் அறுத்தேன். மீதியை அறுத்தது கடல்.