அத்தை தும்மியதில் உடைந்த வாள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மில் யூனிபார்மோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சொன்னார்: "ஏலே, என் மாமியா தும்முனதுல வாளு தூளாப் போச்சு."

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"எந்த லெவல்ல?" என்றார் நண்பர்.

"ஒம்பது. பத்தாக்க அமுக்குனேன். ஏற எழுபது பர்சென்ட் சான்ஸ், ஏறலன்னா ஒடஞ்சிரும்னு போன் கேம்ல காட்டுச்சு. சரியா அப்பத் தும்முனாவ. எட்டு மாசமா ஏத்துன வாளுலே!"

"தும்மலுக்கும் கேமுக்கும் என்னலே சம்பந்தம்? மிச்ச முப்பதுல மாட்டிக்கிட்ட, அம்புட்டுதான்."

"இதையேதான் என் பொண்டாட்டியும் சொன்னா. அவ அம்மாவக் கொற சொன்னேன்னு மூணு நாளாப் பேச மாட்டேங்கா. அந்தா, தனியாப் போயி உக்காந்திருக்கா பாரு."

நண்பர் தன் போனை எடுத்துக்கொண்டு, முன்னால் இருந்த அந்தப் பெண்ணிடம் போனார்.

"தங்கச்சி, என் கவசமும் ஒம்பதுல நிக்கி. செத்த அமுக்கி விடேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே அமுக்கினாள். போனில் மேளச் சத்தம் கேட்டது.

"பத்து! ஏறிருச்சு!"

கணவர் எழுந்து ஓடினார். "எனக்கும் புது வாளு ஏத்திக் குடு."

"மொதல்ல எங்கம்மாட்ட மன்னிப்புக் கேளுங்க."

அங்கேயே நின்று போன் போட்டார்.

"அத்தே, வாளு ஒடஞ்சதுக்கு நீங்க காரணமில்ல... ஆமா, வாளுதான்... அய்யோ, யாரையும் வெட்டல அத்தே... போலீசெல்லாம் வராது, நீங்க கதவத் தொறங்க."