பரிசோதனைக் கூடத்து மணல்

கட்டடத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஐயா. 1958இல் கட்டிய சிவப்புச் செங்கல். டோர்வல் விமான நிலையத்து விமானம் தலைக்கு மேலே போனாலும் யன்னல் அதிராது. வேட்டைத் துப்பாக்கிகளைக் கடைக்கு அனுப்புமுன் அங்கேதான் சுட்டுப் பார்ப்போம். வெடித்துச் சிதறாதவற்றுக்கு முத்திரை குத்துவோம். சுட்ட ஈயச் சன்னங்கள் நிலவறை மணலில் போய்ப் புதையும். பதினெட்டு வருடம் நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி.

2004இல் கூடத்தை மூடியபோது அதன் வரலாற்றை என்னையே எழுதச் சொன்னார்கள். ‘நாற்பத்தாறு ஆண்டுகளில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை’ என்று முடித்தேன். பொய்யில்லை. மணல் மாற்றுகிற அல்பேட்டுக்கும் கீறல் இல்லைதான். கை நடுங்கியது, வயிறு நொந்தது, கடைசியில் மனைவியின் பெயர் மறந்துபோனது, அவ்வளவே. இரத்தத்தில் ஈயம் என்று வைத்தியர் கடிதம் அனுப்பினார். நான் அறிக்கையில் குடி என்று எழுதினேன். ஈயம் என்றால் என்னைக் கேள்வி கேட்பார்கள். குடி என்றால் அவனைக் கேட்பார்கள்.

கட்டடத்தை றஜனி வாங்கினாள். திருகோணமலைப் பெண், கெட்டிக்காரி. கார்டறி திறக்கப்போகிறாளாம், தமிழ்ப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள. நான் இடத்தைச் சுற்றிக் காட்டியபோது நிலவறைக்குப் போனவள் மணலைக் கையில் அள்ளினாள்.

“கிறகரி அண்ணை, மா மாதிரி இருக்கு. பிள்ளையள் விளையாட முத்தத்தில கொட்டட்டோ? ஒண்டும் செய்யாதுதானே?”

ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் அல்பேட்டின் அறிக்கையைத் தூசி தட்டி எடுப்பார்கள். வரலாறு வேறு பளபளப்பான தாளில் அச்சாகிவிட்டது.

“ஒண்டும் செய்யாது, தங்கச்சி. நானே அரிச்சுத் தாறன்.”

மூன்று நாள் அரித்தேன். ஒரு சன்னம்கூட விடவில்லை. பிள்ளைகளின் காலில் குத்திவிடக்கூடாதல்லவா. தூசி அரிதட்டில் நிற்காது, அதற்கு நான் என்ன செய்ய?

முதலில் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வந்தது. றஜனி சமையல்காரியை நிறுத்தினாள். நல்ல முடிவு என்றேன். பிறகு கிளி என்ற ஒரு தாய் என்னிடம் வந்தாள். அவளுடைய மூன்று வயது மகன் தெரிந்த சொற்களையே மறக்கிறானாம்.

“மூண்டு பாசையில குழம்பிட்டான் போல, அண்ணை.”

“ஓம், அப்பிடித்தான் இருக்கும்” என்றேன். ஆறுதல் சொல்வதும் குற்றமென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது பதினொரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில். வருத்தம்தான்.

மணல் அரித்த நாட்களில் போட்ட உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஏன் குப்பையில் எறிந்தேன் என்று கேட்கிறீர்கள். றஜனி பார்த்திருக்கிறாள் போலும். வீட்டில் பேத்தி இருக்கிறாள், ஐயா. இரண்டு வயது. நான் கதவைத் திறந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள்.