கானுக்குள் இறங்கிய வேர்

லொவி மரத்தைப் பழத்துக்காக மட்டும் யாரும் வளர்ப்பதில்லை, சேர். அதன் துளிர் பூவைவிடச் சிவப்பு. எந்தக் காலத்திலும் மொட்டையாக நிற்காது. பதுளையில் மாலை வகுப்புக்குப் போகிறேன். நடந்ததை வரிசையாக எழுதப் பழக்குகிறார்கள். அப்படியே சொல்கிறேன். வரிசை தப்பினால் திருத்துங்கள்.

மரம் என் வீட்டுத் தோட்டத்தின் ஓரத்தில் நிற்கிறது. அதை ஒட்டி மழைத்தண்ணீர் ஓடும் கான். கானுக்குக் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயம். அதில் ஒன்று அகஸ்டினா அக்காவுடையது. மழைக்கு முன் அவரவர் வீட்டுக்கு நேரே உள்ள கானை அவரவர் துப்புரவாக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

இந்த வருடம்தான் மரம் முதல்முறையாகப் பூத்தது. வெயில் கடுமை. பூ உதிருமோ என்று பயந்து, கானை மண்மூட்டை வைத்து அடைத்தேன். ஈரம் நின்றது, பிஞ்சு பிடித்தது.

அக்கா சிரிப்பார். "என்ன தம்பி, மரத்தையே கட்டிக்கப் போறியா? சீதனம் லொவிக்காயா?"

மழை தொடங்கியதும் மூட்டையை எடுக்கப் போனேன். புது வேர்கள் கானுக்குள் இறங்கி மூட்டையைப் பின்னியிருந்தன. எடுத்தால் வேரை வெட்ட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பினேன். அப்போது கரையில் ஒரு வெடிப்பு கண்ணில் பட்டது. எனக்கு எதிலும் சந்தேகம் அதிகம். கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போனது. அதன்மேல் சருகைப் பரப்பினேன்.

அன்று மாலை அக்கா மேலே வந்தார், மகள் றொஷேலைக் கையில் பிடித்துக்கொண்டு.

"தம்பி, செவுரெல்லாம் ஊறுது. மேல கான் தொறந்துதானே இருக்கு? புள்ளயக் கூட்டிக்கிட்டு கோயில்ல போய்ப் படுக்கட்டா?"

அவர் போனால் லயத்தில் உள்ள எல்லோரும் பின்னால் போவார்கள். ஏனென்று பார்க்க ஆட்கள் மேலே வருவார்கள். மண்வெட்டியோடு வருவார்கள்.

"தண்ணி நல்லாத்தான் ஓடுதுக்கா. இந்த மழையில புள்ளய எங்க கூட்டிட்டுப் போறீங்க? வீட்லயே இருங்க."

"நீ சொன்னா சரிதான்," என்றார்.

விடியும்போது கரை சரிந்து அக்காவின் வீட்டின் மேல் விழுந்தது. இருவரின் உடலையும் மதியம்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

கானை அடைத்தது நான். வெடிப்பை மறைத்தது நான். இருங்கள் என்று சொன்னதும் நான். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒன்றுதான் கேட்கிறேன். மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள். சரிவு அதன் அடியோடு நின்றுவிட்டது. அந்த வேர் பிடித்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சேர்.