நூத்திப் பத்து, நார்மல்

எனக்குப் படிவம் நிரப்புவது பிடிக்கும், மேடம். பேங்க் சலான், பஸ் பாஸ், ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல், நீக்கல், எதுவானாலும் சரி. ஐயம்பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கட்டத்துக்குள் எழுத்து அடங்கி உட்காரும்போது ஒரு நிம்மதி. ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த தாளில் கட்டம் இல்லை, வெறும் கோடுதான் இருக்கிறது. பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன்.

தனசேகரன் அண்ணன் எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள். எங்கள் படிப்பு எப்படி நடக்கிறது என்று முதலில் சொன்னால்தான் அது உங்களுக்கு விளங்கும்.

ஆம்புலன்ஸில் போய் உயிரைக் காப்பாற்றும் வேலைக்கு மூன்று வருடப் படிப்பு. நான் கடைசி வருடம். அதோடு தர மேம்பாட்டுக் குழுவில் மாணவர் பிரதிநிதி. அந்தப் பதவி ஓட்டுப் போட்டு வந்ததில்லை. நான் ஒரு சுவர்ப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். கல்லூரியை மாதம் ஒருமுறை கிண்டல் செய்வேன். பிரின்சிபால் வீராசாமி சார் பார்த்தார், பதவி கொடுத்துவிட்டார். வாயை அடைக்க அல்வாவை விட அதுதான் மலிவு.

எங்கள் பிராக்டிகல் பரீட்சைக்கு ஒரு படிவம் உண்டு. நாற்பது கட்டம், நாற்பது மார்க். மாணவன் நோயாளி பக்கத்தில் மண்டி போட்டு, செய்கிறதை எல்லாம் சத்தமாகச் சொல்ல வேண்டும். ‘இடம் பாதுகாப்பா இருக்குது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பல்ஸ் பார்க்கறேன்.’ பார்க்கறேன் என்று சொன்னால் போதும், டிக். கை நோயாளி மேல் பட வேண்டிய அவசியமில்லை. அப்புறம் தலையைத் தூக்கிப் பரீட்சை வைப்பவரைக் கேட்பான்.

“சார், பல்ஸ் எவ்ளோ?”

“எண்பது.”

“சுகர்?”

“நூத்திப் பத்து, நார்மல்.”

அவன் அந்த எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போவான். தொடக்கத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. நோயாளி ஒரு ரப்பர் பொம்மை. பசங்க அதற்குச் சிட்டிபாபு என்று பேர் வைத்திருக்கிறார்கள். சிட்டிபாபுவுக்கு நாடியும் இல்லை, ரத்தமும் இல்லை. யாரோ ஒருவர் எண்ணைச் சொல்லித்தானே ஆக வேண்டும். அதன் நெஞ்சு ஸ்பிரிங்கும் இரண்டு வருடம் முன்னால் போய்விட்டது. அமுக்கினால் அமுங்கினபடியே கிடக்கும்.

இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது போன வைகாசியில். காஞ்சிபுரம் கருட சேவைக் கூட்டத்தில் எங்கள் கல்லூரி முதலுதவிப் பந்தல் போட்டிருந்தது. ஒரு அம்மா மயங்கி விழுந்தார். இரண்டாம் வருடப் பையன் ஓடிப்போய் மண்டி போட்டான். அழகாக எல்லாம் சொன்னான். அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தான்.

“அண்ணா, பல்ஸ் எவ்ளோ?”

பக்கத்தில் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தார். அந்த அம்மா எழுந்துகொண்டார். நீர்மோர்ப் பெண் பையனைப் பார்த்துச் சொன்னார்: “இன்னாபா இது, கைய நீ புடிச்சிக்கினு கணக்கு அவரைக் கேக்கறே?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை, மேடம். இந்தப் பசங்க நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருவார்கள். உங்கள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்போது, நாடி எவ்வளவு என்று உங்களைக் கேட்பார்கள். பொறுப்புள்ள ஒருவன் இதைச் சும்மா விட முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பதினோரு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். ஏழாம் பக்கத்தில் தெளிவாகப் போட்டேன்: எண்ணைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை ஒழிக்க வேண்டும், இல்லையென்றால் ஒருநாள் ஓர் உயிர் போகும். வீராசாமி சார் நின்றபடியே படித்தார். ஏழாம் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தார். “உனக்குக் காமெடி நல்லா வருதுய்யா” என்று சொல்லி, டீ கிளாஸை அதன் மேல் வைத்தார்.

என் கஷ்டம் அதுதான். நான் எதை எழுதினாலும் சிரிப்பார்கள். அறிக்கைக்குக் கீழே ஆதாரம் இருந்தால் சிரிக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

ஆவணியில் வெளியிலிருந்து ஆய்வுக் குழு வருவதாகச் சொன்னார்கள். “ஒரு டிரில் வச்சு, மார்க் ஷீட்டு ரெடி பண்ணி வைய்யா” என்று சார் என்னிடமே ஒப்படைத்தார். இரண்டாம் வருடத்தில் இருபது பேர். ஐந்து ஐந்தாக நான்கு குழு பிரித்தேன்.

தனசேகரன் அண்ணன் எங்கள் லேப் அட்டெண்டர். சிட்டிபாபுவின் ஸ்பிரிங் போன நாளிலிருந்து அவர்தான் நோயாளி. சம்பளத்தில் அது வராது. ஆனால் அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். கூரம் கிராமத்தில் தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர். வலிப்பு என்றால் பல்பொடியைக் கரைத்து வாயில் நுரை வரவழைப்பார். பசங்க கைதட்டுவார்கள். காலையில் என்னைப் பார்த்தாலே கேட்பார்:

“இன்னாபா சந்தோஷு, இன்னிக்கி இன்னா சாவு? பாம்புக்கடின்னா சொல்லிடு, பேண்ட்டு மாத்திக்கினு வரேன்.”

அவருக்குச் சர்க்கரை வியாதி. தினம் பன்னிரண்டரைக்கு ஸ்டோர் ரூமில் சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். பன்னிரண்டே முக்காலுக்கு டிபன் பாக்ஸைத் திறப்பார். ஒன்றுக்கு அவர் மனைவி அம்சா அண்ணி போன் செய்வார். “துன்ட்டியா?” ஒரே வார்த்தைதான். “துன்ட்டேம்மா” என்று இவரும் ஒரே வார்த்தைதான். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்கு முதல் வருடப் பாடம். சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்கும். வியர்க்கும், பேச்சு குழறும், வலிப்பு வரும், அப்புறம் நினைவு போகும். ஒரு துளி ரத்தத்தை மெஷினில் வைத்தால் ஐந்து நொடியில் தெரிந்துவிடும். அதற்கப்புறம் சர்க்கரை கொடுத்தால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எங்கள் படிப்பிலேயே சுலபமான கேஸ் இதுதான். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். கஷ்டமான கேள்வி வைத்து யாரையும் ஃபெயிலாக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அன்று பன்னிரண்டு மணிக்கு அவர் டிபன் பாக்ஸை ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தூக்கிப் போடவில்லை. நீங்கள் போய்ப் பார்த்தபோது பத்திரமாக இருந்திருக்கும். புளிக்குழம்பு, முட்டை.

பன்னிரண்டே முக்காலுக்கு அவர் தேடிக்கொண்டு வந்தார். “என் பாக்ஸைப் பாத்தியாபா? ஊசி போட்டுக்கினேன்.”

“ஆபீஸ்ல எடுத்து வச்சிருக்காங்கண்ணா. நான் வாங்கியாறேன். அதுக்குள்ள ஒரு குழுவை முடிச்சிடலாம், அஞ்சே நிமிஷம்.”

“இன்னிக்கி இன்னா?”

“காரணம் தெரியாத மயக்கம்.”

“சப்புனு இருக்குதேபா” என்று படுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு குழுவின் பையிலும் சுகர் மெஷின், விரலில் குத்தும் ஊசி, குளுக்கோஸ் பாக்கெட் எல்லாம் இருந்தன. காலையில் நானே சரிபார்த்து வைத்தேன். ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் குழுவுக்கு அவர் உண்மையிலேயே நடித்தார். கண்ணைச் செருகி, உதட்டை ஒருபக்கம் இழுத்து. சுகர் எவ்ளோ அண்ணா என்றார்கள். நூத்திப் பத்து, நார்மல் என்றேன். முப்பத்தெட்டு மார்க். பாக்ஸ் வந்துகொண்டிருக்கிறது, இன்னும் ஒரே குழு என்று அவரைத் திரும்பப் படுக்க வைத்தேன்.

இரண்டாம் குழு வரும்போது ஒரு மணி தாண்டியிருந்தது. அவருக்கு வியர்த்தது. “சந்தோஷு, பாக்ஸு” என்றார். “பாக்ஸு, பாக்ஸு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நாக்கு சரியாகப் புரளவில்லை. அப்போது அவர் பாக்கெட்டில் போன் அடித்தது. அம்சா என்று வெளிச்சத்தில் பேர் தெரிந்தது. ‘செம டீட்டெயில்டா’ என்றான் ஒருவன். மூன்று தடவை அடித்து நின்றது. போன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று படிவத்தில் கட்டம் கிடையாது. சுகர் கேட்டார்கள், சொன்னேன். முப்பத்தொன்பது. எங்கள் கல்லூரி ரெக்கார்டு அது.

மூன்றாம் குழுவில் அவருக்கு வலிப்பு வந்தது. பசங்க கைதட்டினார்கள். அந்தக் குழுவில் அஃப்ஷீன் என்று ஒரு பெண் இருக்கிறாள், உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்தவள். அவள் மட்டும் அவர் கையைத் தொட்டாள்.

“அண்ணா, கை சில்லுனு இருக்குது. இது நிஜ வேர்வை.”

“கூத்துக்காரர்மா. பெரிய ஆர்ட்டிஸ்ட். நீ வேல்யூ கேளு.”

“பல்பொடி வாசனை வரலண்ணா.”

“மார்க் போயிக்கினே இருக்குதும்மா.”

மற்ற நான்கு பேரும் அவளை முறைத்தார்கள். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்பு கேட்டாள். நானும் சொன்னேன். அந்தக் குழுவுக்கு இருபத்தாறு மார்க்தான் போட முடிந்தது. படிவத்தில் இல்லாததைச் செய்து நேரத்தைக் கெடுத்துவிட்டாள். ஒரு சிபாரிசு மட்டும் செய்வேன்: அந்தப் பெண்ணுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது, யாராவது அவளைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது குழு வந்தபோது அவர் அசையவே இல்லை. வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன் என்றார்கள், கூப்பிடவில்லை. முப்பத்தெட்டு. எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு கேண்டீனுக்குப் போனார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து கூட்டல் போட்டேன்.

இரண்டே காலுக்கு ஆம்புலன்ஸ் டிரைவர் ஜான் பாஷா பாய் சாவிக்காக உள்ளே வந்தார். பாய் எட்டாவது ஃபெயில். வாசலில் இருந்தே, “அடப்பாவிங்களா, இன்னாடா இது” என்றார். ஓடிவந்து கன்னத்தில் தட்டினார், குளுக்கோஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஈறில் தேய்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் படிவத்தைப் பார்த்ததே இல்லை என்பதுதான் காரணம். என் அறிக்கையின் சாரமே அதுதான். பாய் தனியாளாகவே தூக்கிக்கொண்டு போனார். மூளைக்கு நேரம் கடந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அம்சா அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம், “ஏன்பா, அன்னிக்கி அவரு துன்னாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். நான் பொய் சொல்கிறவன் கிடையாது.

போன வாரம் கல்லூரியில் சுற்றறிக்கை வந்ததாகக் கேள்விப்பட்டேன். இனி எந்தப் பரீட்சையிலும் எண்ணைக் கேட்டு வாங்கக் கூடாது, கையால் பார்த்தே எழுத வேண்டும். என் ஏழாம் பக்கம், வரிக்கு வரி. வீராசாமி சார் இந்தத் தடவை சிரிக்கவில்லையாம். காஞ்சிபுரத்தில் இனிமேல் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று ஒரு மதிப்பு போட்டுப் பாருங்கள். நான் போட்டு வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் தருகிறேன்.

யோசித்துப் பார்த்தால் நான் என்ன செய்தேன்? ஊசியை அவரே போட்டுக்கொண்டார். மருந்து பையில் இருந்தது. இருபது பேர் சுற்றி இருந்தார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், குறித்துக்கொண்டேன். மதிப்பிடுகிறவன் இடையில் புகுந்தால் அது மதிப்பீடே கிடையாது.

நீங்கள் அந்தச் சுகர் மெஷினை என் பக்கம் தள்ளுகிறீர்கள். தெரியும், மேடம். அது என் பையில் இருந்ததுதான். அதற்குள் தேதி, நேரம் எல்லாம் பதிவாகும். மணி ஒன்று நாற்பத்திரண்டு, சுகர் முப்பத்தொன்று. ஆமாம், அது தனசேகரன் அண்ணன் ரத்தம். மூன்றாம் குழு வெளியே போய், நான்காம் குழு உள்ளே வருவதற்கு நடுவில் நான் அவர் விரலில் குத்திப் பார்த்தேன். அவருக்கு உயிர் இருந்தது. முப்பத்தொன்று என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். குளுக்கோஸ் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அடுத்த ஐந்து பேர் வந்து சுகர் எவ்ளோ அண்ணா என்று கேட்டபோது, நூத்திப் பத்து, நார்மல் என்றுதான் சொன்னேன்.

இன்னும் ஒரு குழு பாக்கி இருந்தது, மேடம். மூன்று குழுவோடு நிறுத்தியிருந்தால் அந்த அறிக்கையை யார் மதிப்பார்கள்?