எப்படித் தூக்கி வந்தீர்கள் என்று முதலில் கேட்டவருக்கு

அடிபட்டவர் படுக்கைக்கு வந்து சேர்ந்ததும், "எங்கே வலிக்கிறது?" என்று அவரைக் கேட்பதற்கு முன்பே, சுமந்து வந்தவர்கள் பக்கம் திரும்பி, "எப்புடித் தூக்கினு வந்தீங்க?" என்று இம்மண்ணின் பேச்சிலேயே கேட்கும் பழக்கத்தை, பணியில் சேர்ந்த நாள் தொட்டு ஒருபோதும் விடாத பெருமாட்டியே! முறிந்த முதுகுகளை நிமிர்த்திய முதல்வியே! எங்கள் செம்பருத்தி அறக்கட்டளை மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர், திலகவதி அம்மையாரே! நீங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில் வாழ்த்தத்தான் கூடினோம், ஆயினும் வாழ்த்துக்கு முன்னே வயிற்றெரிச்சல் வந்து நிற்கிறது. அதைக் கொட்டிவிட்டே மாலையைக் கையில் எடுப்போம்.

நெய்வேலி நகரியத்தில் இருசக்கர வண்டியோடு சறுக்கியவர், ஷிப்ட் முடிந்து திரும்புகையில் படியில் தவறியவர், காடாம்புலியூர்ப் பலாத்தோப்பில் கிளை முறிந்து விழுந்தவர் என எத்தனை முதுகுத்தண்டுகள் உங்கள் கைபட்டுக் கூடின! கத்தியோடு நில்லாமல் கேள்வியோடும் நடந்தீர்கள். விடுமுறை நாள்களில் ஸ்கூட்டரில் தோப்பு தோப்பாய்ச் சென்று, விழுந்தவரை யார் முதலில் தொட்டார், எதைப் பிடித்து இழுத்தார் என்று துருவினீர்கள். "டாக்டரம்மா பழம் வாங்க வந்துகிறாங்களா, பழி வாங்க வந்துகிறாங்களா?" என்று தோப்புக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்டீர்கள்.

விழுந்தவரை அள்ளி உட்கார வைத்து, முதுகைத் தட்டி, சோடா கொடுப்பது இங்குள்ள வழக்கம். அந்த அன்பே, உடைந்த எலும்பைத் தண்டுவடத்தில் குத்தவிட்டுக் கால்களைக் கொல்கிறது என்று பல்லாண்டு உழைத்து நிறுவினீர்கள். கால் விளங்காமற்போனவர்களுள் பாதிப் பேர், தரையில் கிடந்தபோது காலை அசைத்தவர்கள்! அப்படியே பலகையில் கிடத்தித் தூக்கச் சொன்னபோது, "நாலு பேரு தூக்கினா பாடைங்க. உசுரோட இருக்கறவர அப்புடிப் படுக்க வெப்பாங்களா?" என்று ஊரார் முறைத்தார்கள். "அஞ்சு பேரா தூக்குங்க. அஞ்சாவது ஆள் தலையைப் புடிச்சிக்கினா அது பாடை இல்ல, பல்லக்கு" என்றீர்கள். அம்மா, உங்கள் ஆராய்ச்சியின் உயிர், கழுத்து அசையாமல் காக்கும் அந்த ஐந்தாவது ஆள்!

இவ்விடத்தில் ஒரு சிறு கதை. மரங்கொத்தி ஒன்று மரம் மரமாய்த் தட்டி, எது உள்ளே உளுத்தது என்று சொல்லி வந்தது. மயில் அதைத் தன் கண்டுபிடிப்பென்று சிங்கத்தின் சபையில் ஆடிக் காட்டிப் பரிசு வாங்கியது. ஆட்டத்துக்கு ஒத்துவராததால், உளுத்த மரம் எதுவென்பதை மட்டும் சொல்லாமல் விட்டது. அந்த மரத்தில்தான் அணில் கூடு கட்டியது.

நடந்ததும் அதுவே. எங்கள் மருத்துவ இயக்குநர், மருத்துவர் ராஜ்மோகன், உங்கள் ஆய்வைத் தம் பெயரில் மருத்துவ இதழில் வெளியிட்டார். சென்னை மாநாட்டில் பொன்னாடை போர்த்திக்கொண்டார். தட்டிக் கேட்ட உங்களிடம், "மேடம், உலகமே படிக்கிற ஜர்னல் இது. சோடா, பல்லக்குன்னு எழுதினா சிரிப்பாங்க. ஆபரேஷன் ரிசல்ட் மட்டும் இருக்கட்டும்" என்றார். தோப்புகளில் பயிற்சி நடத்தவும் தடை போட்டார். உங்கள் பெயர் பறிபோனதைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. பயிற்சி நின்றதற்கே பதறினீர்கள். எங்களுக்கோ இரண்டுக்கும் சினம்! பிறர் உழைப்பைத் திருடியதாவது ஒருவருக்குச் செய்த தீங்கு. பயன்பட வேண்டிய பாதியை வெட்டி எறிந்தது ஊருக்கே செய்த தீங்கு!

சென்ற பலாப் பருவத்தில் காடாம்புலியூர் கலியன் மரத்திலிருந்து விழுந்து இங்கே வந்தார். உங்கள் கேள்விக்கு அவர் மனைவி நாகம்மாள் சொன்ன விடை இன்னும் எங்களை அறைகிறது: "கால ஆட்டிக்கினுதாங்க இருந்தாரு. உக்கார வெச்சு சோடா குடுத்தோம். அப்பறம் ஆட்டலீங்க." அருகில் நின்ற இயக்குநர் வெளியேறினார். கலியன் இன்று சக்கர நாற்காலியில் இருக்கிறார்.

சென்ற மாதம் இயக்குநர் அந்த ஊர்ப் பலாமண்டிக்குப் போனார். "இதைக் கண்டுபிடிச்சவங்க திலகவதி மேடம். அவங்க பேரை எடுத்தது நான். உங்களுக்குச் சொல்ல வேண்டியதை மறைச்சதும் நான். ஜர்னலுக்கும் எழுதிட்டேன்" என்று கூட்டத்தின் நடுவே சொன்னார். வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து, தம்மையே அடிபட்டவராக்கி, ஐந்து பேரிடம் தம்மைத் தூக்கிப் பழகச் சொன்னார்.

"போன வருசம் இப்புடிப் படுத்திருந்தீங்கன்னா எங்கூட்டுக்காரரு நடந்துகினு இருப்பாரு சார்" என்றார் நாகம்மாள்.

"ஆமாம்மா" என்றார் அவர். எழுந்திருக்கவில்லை. அடுத்த ஐவரை அழைத்தார்.

ஆய்வால் அறிவு தந்த அம்மையே! உங்கள் முதுகு வளையாமலும் முழங்கால் நோகாமலும், நீங்கள் நடக்க வைத்தவர்களோடு நெடுங்காலம் நடந்து திரிய வேண்டுகிறோம். பயிற்சி இனி நிற்காது. வந்து பிழை திருத்துங்கள்.

இறுதியாக ஒன்று. விடைபெறும் மேடையில் இத்தனை கடுஞ்சொல் வேண்டுமா என்று எங்களுள் சிலர் தயங்கினோம். மருத்துவர் ராஜ்மோகன் இம்மடலை வாங்கிப் படித்தார். "ஒரு வரியும் எடுக்காதீங்க. நானே வாசிக்கிறேன்" என்றார். இவ்வளவு நேரம் நீங்கள் கேட்ட குரல் அவருடையதுதான், அம்மா.

என்றும் உங்கள் அன்பிற்குரிய,
செம்பருத்தி அறக்கட்டளை மருத்துவமனைப் பணியாளர்கள்,
நெய்வேலி.