ஒரு வாரத்து அம்மா

உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதற்கு வைரஸ் காரணம் இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். ஆன் செய்ததும் யாரும் கேட்காமலே பத்துப் பதினைந்து வேலைகள் தாமாக எழுந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் போதும். எழுத்தர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சலித்துப்போய், வெள்ளைத் தாளை நீட்டி நடந்ததை நீயே எழுது என்று சொல்லிவிட்டார். எழுதுகிறேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும்.

என் பெயர் ஜோஸ். விராலிமலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு ஆவூர்ப் பக்கம், ஊரை விட்டுச் சற்றுத் தள்ளிக் கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது. அப்பா இல்லை. அக்கா ஷர்லி குவைத்தில் நர்ஸ். அம்மாவின் பெயர் வேளாங்கண்ணி. போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் கொஞ்சம் வேலை செய்யும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும், புண் ஆழமானால் உயிருக்கே ஆபத்து என்று எனக்குப் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் அக்கா விமானம் ஏறினாள். அம்மாவின் உயிரை என் கையில் ஒப்படைத்தாள். இதை நான் மறுக்கவில்லை.

பக்கத்துக் கொல்லைக்கார அழகம்மாள் உதவிக்கு வருவார். காலையில் உடம்பு துடைத்துக் கஞ்சி ஊட்டுவார், மதியம் வந்து தலை சீவிவிடுவார். மற்ற நேரமெல்லாம் நான்தான். கடைக்கும் வீட்டுக்கும் பைக்கில் அலைந்தேன். அலைச்சல்கூடப் பெரிதில்லை. அக்காவின் போன்தான் பெரிது. திருப்பினியா, எந்தப் பக்கம், போனை அம்மாகிட்ட கொண்டு போ, முதுகைக் காட்டு. ஒருவருடைய மதர்போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. நான் பொறுமைசாலி. கோபப்படவில்லை. வழி தேடினேன்.

ரிப்பேருக்குக் கொடுத்தவர் திரும்ப வாங்க வராத டிவி பெட்டி ஒன்று கடையில் கிடந்தது. டிவியில் படம் பார்க்க மாட்டுகிற பெட்டி, உள்ளங்கை அகலம், பெயர்கூட எழுதாத சீனச் சரக்கு. அதில் லினக்ஸ் ஏற்றினேன். லினக்ஸ் என்றால் விண்டோஸ் மாதிரி ஒரு கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள்தான். ஆனால் வேண்டாததை நாமே கழற்றி எறியலாம். மெமரி கார்டில் அதை எழுதிச் செருகி, ஆடியோ ஒயர் மாட்டுகிற ஓட்டைக்குள் ஒளிந்திருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே கரண்ட் கொடுக்க வேண்டும். இரும்பை உள்ளே விட்டால் போர்டு போய்விடும். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டேன். மூன்றாவது முயற்சியில் பெட்டி பழைய வேலையை மறந்து என் பேச்சைக் கேட்டது.

பிறகு எடுக்க ஆரம்பித்தேன். திரையே இல்லாத பெட்டிக்குத் திரைக்கான மென்பொருள் எதற்கு? எடுத்தேன். புளூடூத், பிரிண்டர், பாட்டு, எல்லாவற்றையும் எடுத்தேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: கேமராவைப் பார்ப்பது, பார்த்ததை அக்காவின் போனுக்கு அனுப்புவது, கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்துகொள்வது. எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும், கார்டு சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் பெட்டி கார்டைப் படிக்கலாம், எதையும் எழுதக் கூடாது என்று அமைத்தேன். அப்படிச் செய்தால் அன்று நடந்த எதுவும் அதற்கு நினைவில் தங்காது. எழுந்திருக்கும்போதெல்லாம் அதற்கு அதுதான் முதல் நாள். அந்தப் பெட்டியின் மேல் எனக்குப் பொறாமையே உண்டு.

கேமராவை அம்மாவின் கட்டிலுக்கு எதிரே சுவரில் மாட்டினேன். அக்கா அழுதுவிட்டாள். "தங்கமே, பக்கத்துலயே இருக்க மாதிரி இருக்குடா" என்றாள். நானும் நிம்மதி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் முன்பெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவள், இப்போது பார்த்துத் தெரிந்துகொண்டாள். நான் எத்தனை மணிக்கு வந்தேன், அம்மாவை எப்படிப் புரட்டினேன், கையை எங்கே பிடித்தேன், எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. டூட்டி இடைவேளையிலும் அதைத்தான் பார்த்தாள். "ஏன்டா இம்புட்டு லேட்டு? மெதுவாப் புடிடா" என்று என் வீட்டுக்குள் நான் நடப்பதற்கு அவள் அங்கிருந்து வழி சொன்னாள். சில நாள் அம்மா வலியில் முனகுவார். அது கேட்ட அன்று அக்கா சாப்பிட மாட்டாள்.

எனவே சத்தத்தை எடுத்தேன். பெட்டி சூடாகிறது, சுமையைக் குறைக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். சூடானது உண்மைதான். அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கியதாக மறுநாள் சொன்னாள். அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன். ஒன்றை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் எவ்வளவு நிம்மதி கிடைக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை. இதை நீங்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும், மேடம். அந்த ஒரு வாரம் நான் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மாதிரி இந்தப் பக்கத்தில் எந்த மகனும் பார்த்திருக்க மாட்டான். நேரம் தவறாமல் திருப்பினேன். தினமும் விரிப்பு மாற்றினேன். ஞாயிறு பூசைக்கு முன்னால் சனிக்கிழமை தலைக்கு ஊற்றுவது அம்மாவின் வழக்கம் என்பதால், ரப்பர் விரிப்பு போட்டு அதையும் நானே செய்தேன். அழகம்மாளும் வழக்கம்போல வந்து போனார். சுவரிலிருந்த தேதி கிழிக்கும் காலண்டரையும் கடிகாரத்தையும் மட்டும் முன்கூட்டியே கழற்றியிருந்தேன். ஏழு நாளும் முழுதாக ஒரு பென் டிரைவில் பதிவாயின.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அக்காவுக்குப் பதிவான அந்தத் திங்கட்கிழமைதான் போனது. செவ்வாய்க்குச் செவ்வாய். மணிக்கு மணி சரியாக இருக்கும்படி செய்திருந்தேன். கரண்ட் போனால் பெட்டியும் அணையும், அக்காவின் திரையும் இருளும், அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. போன்கள் குறைந்தன. "இப்பத்தான்டா நீ பொறுப்பா இருக்க" என்றாள். ஒரு நாள் தழுதழுத்த குரலில், "வியாழக்கெழமையானா அம்மா என்னையத் தேடுறாங்கடா. கைய தூக்கிக் கூப்புடுறாங்க" என்றாள். பதிவு செய்த வியாழக்கிழமை அம்மாவின் கன்னத்தில் ஓர் ஈ உட்கார்ந்தது, அதை ஓட்டத்தான் அவர் கையைத் தூக்கினார். நான் சொல்லவில்லை. "ஆமாக்கா, ஒன்னையத்தான்" என்றேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அதற்கு மேல் அழகம்மாள் தேவைப்படவில்லை. திருச்சியிலிருந்து நர்ஸ் வருகிறது, நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றேன். "ஆத்தாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன் தம்பி" என்று வாசலில் நின்றார். தூங்குகிறார்கள் என்றேன். பிறகு அவர் வரவில்லை. திரையில் தினமும் வந்துகொண்டுதான் இருந்தார். நோயாளிகளுக்கு மாதம் ஒரு முறை நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்க வருகிற பங்குச் சாமியாரிடம், கிருமி தொற்றும் என்பதால் யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். அவரும் வாசலிலேயே செபித்துவிட்டுப் போனார்.

கடையில் வேலை கூடியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது காலையும் மாலையும் ஆயிற்று, பிறகு இரவு மட்டும் ஆயிற்று, பிறகு கடையிலேயே படுத்துக்கொண்டேன். ஆனால் அம்மாவைக் கவனிக்காமல் விட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். கடை மேஜையில் சின்னத் திரை ஒன்றில் அம்மாவை எப்போதும் ஓட விட்டிருந்தேன். காலையில் அழகம்மாள் கஞ்சி ஊட்டுவார். கடைசி வாய் உள்ளே போனதும் எனக்கு ஒரு நிறைவு வரும், அதற்குப் பிறகுதான் நான் டீ குடிக்கப் போவேன். ஒரு நாளும் அம்மாவுக்கு முன்னால் நான் சாப்பிட்டதில்லை.

சாம்பல் புதன்தான் கெடுத்தது. அன்று மாதா கோவிலில் எல்லோருக்கும் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுவார்கள். வர முடியாத நோயாளிகளுக்கு, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வீட்டுக்கே கொண்டுபோய்ப் பூசுவார். எங்கள் உபதேசியார் ஆரோக்கியமுத்துவிடம் அக்கா குவைத்திலிருந்து பேசி, அம்மாவுக்குக் கண்டிப்பாகப் பூச வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் போயிருக்கிறார். வீடு பூட்டியிருக்கிறது. தூரத்தில் இருக்கிற பெண் மனசு கஷ்டப்படுவாளே என்று, "பூசியாச்சும்மா, அம்மா நல்லா இருக்காங்க" என்று போனில் சொல்லிவிட்டார். வயதான மனிதர், பொய் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரையும் நீங்கள் விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அக்கா திரையில் பார்த்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. உடனே எனக்குப் போன். நான் கொஞ்சமும் தடுமாறாமல், வியர்த்திருந்தது, முகம் துடைத்துவிட்டேன் என்றேன். அங்கேதான் தவறினேன். எங்கள் சனங்கள் அந்தச் சாம்பலைத் துடைக்க மாட்டார்கள், அது தானாக உதிர வேண்டும். கோவிலுக்குப் போய் வருடக்கணக்காகிறது, எனக்கு மறந்துவிட்டது.

"சாம்பலத் தொடச்சியா? நீயாடா?" என்றாள் அக்கா. அழகம்மாள்தான் தெரியாமல் துடைத்திருப்பார், அவர் இந்து, நான் அவர்மேல் பழி வரக் கூடாது என்று மறைக்கிறேன் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். என்னை லைனில் வைத்துக்கொண்டே அழகம்மாளையும் கான்பரன்ஸில் சேர்த்தாள். அது மதிய நேரம். என் மேஜைத் திரையில் அழகம்மாள் அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். அக்காவின் போனிலும் அதேதான் ஓடியிருக்கும்.

"சொல்லு தாயி" என்றார் அழகம்மாள்.

"அம்மா நெத்தியத் தொடச்சீங்களா?"

"நான் எங்கிட்டு தாயி தொடச்சேன்? கடலைக் கொல்லையில களை எடுத்துக்கிட்டு நிக்கிறேன். அங்கிட்டுப் போயே மாசக்கணக்காச்சு. நர்ஸ் வருதுன்னு தம்பிதான வேணாம்னுச்சு."

திரையில் அழகம்மாள் சிக்கெடுத்து, பின்னலைப் போட்டு, நுனியில் கறுப்புக் கயிறு கட்டினார். பிறகு அக்கா மிகவும் மெதுவாக, "நீங்க இப்ப எங்க வீட்டுலதான் இருக்கீங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள். அழகம்மாள் போனைக் கட் செய்யாமலே வரப்பில் ஓட ஆரம்பித்தார். அவருக்கு மூச்சு வாங்குவது கேட்டது. நான் என் லைனை வைத்துவிட்டேன். ஒரு லேப்டாப்பை அன்று மாலைக்குள் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

பூட்டை உடைத்தது அவரும் உபதேசியாரும்தான். உள்ளே என்ன இருந்தது என்பதை உங்கள் மகஜரில் எழுதியிருக்கிறீர்கள், நான் திரும்ப எழுதவில்லை. அம்மா எப்போது இறந்தார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு முன்பே இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

கடைசியாக உள்ளே போனதைச் சொல்கிறேன். ரஸ்க் பாக்கெட்டைப் பிரித்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தளர்த்தி, இரண்டையும் அம்மாவின் இடது கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். முதுகைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை என்று வாடையிலேயே தெரிந்தது. திரும்பும்போது அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் ஏதோ வந்தது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டினேன். அப்போது அவருக்கு உயிர் இருந்தது. திரும்பி வர மாட்டேன் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் கேட்ட வாக்கியம் இதுதான் என்றால் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா இன்று இரவு வந்து இறங்குவாள் என்கிறீர்கள். அவளிடம் நான் பேசத் தயார். இத்தனை மாதம் அவளைத் தூங்க வைத்தவன் நான்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான், மேடம். சாட்சிப் பொருள் என்று பெட்டியையும் பென் டிரைவையும் கழற்றிக் கொண்டுவந்துவிட்டீர்கள். இன்று வியாழன். நாளை மறுநாளுக்குள் அவற்றைப் பழைய இடத்தில் மாட்டிவிடச் சொல்லுங்கள். சனிக்கிழமை அம்மாவுக்கு நான் தலைக்கு ஊற்ற வேண்டும்.